பொருள்: ‘ஆம்பியன்ட்’டுக்கு வியாழன் இரவுக்குள் ஒரு சொல் வேண்டும்

சிங்காநல்லூர், திங்கள் இரவு 9.40

நம் சொல்லாக்கக் குழுவில் எல்லோருக்கும் வணக்கமுங்க. மின்சாரக் கார் ஒன்றின் திரையில் வரும் சொற்களைத் தமிழாக்கும் வேலை வந்திருக்கிறது. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முந்நூற்றுச் சொச்சம் சொற்கள் முடிந்துவிட்டன. ஒரே ஒரு ஆங்கிலச் சொல் மூன்று இடத்தில் வந்து உயிரை வாங்குகிறது: ஆம்பியன்ட் (ambient).

முதலில் வெப்பநிலை. வண்டி நிற்கும் இடத்தில் 45 டிகிரிக்கு மேல் இருந்தால் சார்ஜ் போடாதே என்கிற எச்சரிக்கை. அடுத்து, கதவோரமும் டேஷ்போர்டிலும் கோடாக ஓடும் கலர் விளக்கு. மூன்றாவது, பாட்டுப் பட்டியலில் ஒரு பிரிவு: மழைச் சத்தம், முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் சுரங்கள், அந்த மாதிரி. மூன்றுக்கும் ஒரே சொல் இருந்தால் நல்லது என்கிறார் அங்கிருக்கும் பொறியாளர். பொத்தானில் ஆறு எழுத்துக்கு மேல் இடமில்லை. ‘சுற்றுச்சூழல்’ போட்டுப் பார்த்தேன். ‘சுற்றுச்சூழ’ என்று நிற்கிறது.

கோபி, செவ்வாய் காலை 5.10

அம்மணி, பால் கறக்கப் போகும் முன் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

சூழ் என்று ஒரு வேர் கையில் இருக்கும்போது அதன் தலையில் ‘சுற்று’ என்னும் மூட்டையை ஏன் ஏற்ற வேண்டும்? ஆங்கிலத்தார் இச்சொல்லை இலத்தீனிலிருந்து எடுத்தார்கள். அங்கேயும் சுற்றி வருவது என்பதுதான் பொருள். ஆகவே சூழ்வெப்பம், சூழொளி, சூழொலி. மூன்றும் வினைத்தொகை. சூழ்ந்த ஒளி, சூழ்கின்ற ஒளி, சூழும் ஒளி என்று மூன்று காலமும் உள்ளே அடங்கிவிட்டது. விளக்கை அணைத்தால்தான் இலக்கணம் தப்பும்.

இந்தச் சண்டை நம் பக்கத்துக்குப் புதிதில்லை. 1916இலேயே சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் சொற்களுக்கென்று ஒரு சங்கம் வைத்தார்கள். தமிழ்ச் சொல் தேடக் கூடிய அந்தச் சங்கத்தின் பெயரிலேயே சாஸ்திரமும் பரிபாஷையும் இருந்தன. அப்புறம் கோவையிலிருந்து கலைக்கதிர் என்கிற அறிவியல் இதழ் வந்தது. நான் படித்த பள்ளிக்கூடத்து நூலகத்தில் அதன் பழைய இதழ்களை நூல் கயிற்றில் கட்டி வைத்திருப்பார்கள். அதில் எத்தனை சொற்கள் பிழைத்தன, எத்தனை அந்தக் கயிற்றோடு போயின என்று எழுத ஆரம்பித்தால் மாடு கத்தும். வருகிறேன்.

தாராபுரம், செவ்வாய் காலை 8.30

அய்யா சொல்வது இலக்கணப்படி சரி. ஆனால் இன்று சூழ் என்றால் யாருக்குச் சுற்றுவது நினைவுக்கு வருகிறது? ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்று வள்ளுவர் சொன்னபோது சூழ்ச்சி என்றால் ஆலோசனை. இன்று சூழ்ச்சி என்றால் டிவி நாடகத்து மாமியார். ‘சூழொலி தொடங்கியது’ என்று திரையில் வந்தால், வண்டி நமக்கு என்னமோ குழி தோண்டுகிறது என்றுதான் நினைப்பார்கள்.

போன வருடமும் இதே கூத்துதான். வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்கிற பயத்துக்குத் ‘தூரக்கவலை’ என்று எல்லோரும் கைதட்டி முடிவு செய்தீர்கள். கவலை என்றால் எங்கள் தோட்டத்தில் மாடு பூட்டித் தண்ணீர் இறைப்பது. மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும், பின்னாலேயே ஏறினால் சால் கிணற்றுக்குள் போகும். என் தாத்தாவின் மாடுகள் விடியலிலிருந்து உச்சி வரைக்கும் நடக்கும், கிணற்றடியை விட்டு ஓர் அடி தாண்டியிருக்காது. தூரக்கவலை என்றால் எனக்கு அதுதான். அன்றைக்கும் என் பேச்சு எடுபடவில்லை.

என் பரிந்துரை இமிழ். இமிழ்கடல், இமிழ்திரை என்று நம் பழம்பாட்டு முழுக்க இருக்கிறது. ஓயாமல், இனிமையாக ஒலிப்பது. இமிழிசை என்று வையுங்கள். தமிழ் என்ற பெயரே தம் + இமிழ் என்பதிலிருந்து வந்தது என்பது என் கட்சி, அதைப் பிறகு பேசலாம். விளக்கு இமிழாது, தெரியும். அதற்கு வேறு பார்த்துக்கொள்ளலாம்.

பி.கு.: டேஷ்போர்டு என்று எழுதியதைக் கண்டிக்கிறேன். முகப்புப் பலகை.

உடுமலை, செவ்வாய் மாலை 4.50

இமிழ் என்றால் என்னங்க என்று எங்கள் பள்ளியில் ஆசிரியர் அறையில் கேட்டேன். ஒருவர் குமிழ் என்றார், இன்னொருவர் உமிழ் என்றார். கணக்கு டீச்சர் ‘எழுத்துப்பிழையாக இருக்கும்’ என்று முடித்துவிட்டார்.

வெப்பநிலைக்குச் சண்டையே வேண்டாம். சுற்றுப்புற வெப்பநிலை என்றால் பிள்ளைகளுக்கே புரியும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வண்டியை விட்டுச் சார்ஜ் போடுகிறவருக்கு ‘சூழ்வெப்பம்’ என்று எழுதிக் காட்டி என்ன பிரயோசனம்? பேட்டரி காய்ந்துகொண்டிருக்கும்போது அவர் வினைத்தொகையா என்று பார்ப்பாரா?

நான் இரண்டு வருடமாக மின்சார ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். ஆடி மாதம் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்குப் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும். சார்ஜ் மளமளவென்று இறங்கும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும், பாதிதான் செலவாகும். வழிநெடுகக் காற்றாலைக்குக் கொண்டாட்டம், எனக்குத் திண்டாட்டம். மற்றபடி நல்ல வண்டி. ஒரே குறை, சத்தமே இல்லை. எங்கள் வீதி நாய் நடுரோட்டில் படுத்தபடி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது. போன மாதம் ஒரு பாட்டி திரும்பிப் பார்க்காமல் குறுக்கே வந்தார். பிரேக் போட்டு நிறுத்தியதும், ‘ஏங்கண்ணு, வர்றதே தெரியலயே, சைக்கிளுக்குக்கூட ஒரு மணி இருக்குமே’ என்றார்.

பெருந்துறை, செவ்வாய் இரவு 11.05

அக்கா, அதற்குத்தான் ஐரோப்பாவில் 2019லிருந்தே விதி போட்டார்கள். புது மாடல் மின்சாரக் கார் எதுவானாலும் 20 கிலோமீட்டர் வேகம் வரைக்கும், ரிவர்ஸ் எடுக்கும்போதும், தானாக ஒரு சத்தம் போட வேண்டும். அதற்கு மேல் வேகம் போனால் டயர் சத்தமே போதும்.

தாராபுரம், செவ்வாய் இரவு 11.20

மாட்டு வண்டிக்குச் சலங்கை கட்டினது வேறு எதற்காம்? சலங்கை என்றே வைக்கலாம்.

கோபி, புதன் காலை 5.00

சலங்கை. அருமை.

உடுமலை, புதன் காலை 7.15

எனக்கும் சரி.

சிங்காநல்லூர், புதன் காலை 9.00

அந்தச் சொல் என் கோப்பில் இல்லவே இல்லைங்க! கேட்டது கிடைக்கவில்லை, கேட்காதது ஒரே ராத்திரியில் கிடைத்துவிட்டது.

பெருந்துறை, புதன் மதியம் 1.30

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு செய்தி.

ஒன்று, இந்த இசையைப் பற்றி. நான் பெரும்பாலும் இரவு வேலையில் இதைத்தான் கேட்பேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். ஆம்பியன்ட் என்கிற பெயரை நிலைநிறுத்தியவர் பிரையன் ஈனோ என்கிற ஆங்கிலேயர், 1978இல். விமான நிலையத்தில் ஓடவிடுவதற்கென்றே ஓர் இசைத்தட்டுப் போட்டார். கவனித்துக் கேட்டாலும் சரி, கவனிக்காமல் விட்டாலும் சரி, இரண்டுக்கும் தாங்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அதற்கு அறுபது வருடம் முன்பே பிரான்சில் எரிக் சாட்டி என்பவர் இதையே நாற்காலி மேசை மாதிரி அறையில் கிடக்கும் இசை என்று சொல்லி, அப்படியே பெயரும் வைத்தார். தமிழில் அறைகலன் இசை எனலாம். தட்டுமுட்டு இசை என்றால் பறையடி மாதிரி ஆகிவிடும். ஆக, சூழ்வது மட்டும் இதன் குணம் இல்லை. கல்யாண மண்டபத்து ஸ்பீக்கரும்தான் சூழ்கிறது. தொந்தரவு பண்ணாமல் கிடப்பதுதான் இதன் குணம்.

இரண்டாவது, நடைமுறைச் சிக்கல். இந்த வண்டிகளில் வாயால் சொன்னால் கேட்கும் வசதி உண்டு. சூழொளியைக் குறை, சூழொலியைக் குறை. இதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ழகரமும் ளகரமும் ஒரு சொல்லில், ழகரமும் லகரமும் அடுத்த சொல்லில். என் போனில் பத்து முறை ‘சூழொலி’ என்றேன். நான்கு முறை ‘சூழொளி’ என்று எழுதியது, இரண்டு முறை ‘சோளப்பொரி’. பாட்டைக் குறைக்கச் சொன்னால் விளக்கு அணையும்.

கோபி, புதன் மதியம் 2.10

அது போனின் கோளாறு, தமிழின் கோளாறு இல்லை. உன் நாக்கையும் கொஞ்சம் பார்த்துக்கொள், தம்பி.

சோமனூர், புதன் இரவு 10.15

நான் தறிக்காரன். இலக்கணம் தெரியாது, படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தம்பி எழுதியதைப் பார்த்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது.

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி ஓடுகிறது. பகலும் இரவும் ஓடும். பேரன் பிறந்ததிலிருந்து தொட்டிலில் அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறான். ராத்திரி கரண்ட் போனால் தறி நிற்கும். நின்ற நொடி பையன் வீறிட்டு அழுவான், வீட்டுக்காரம்மா எழுந்து ‘என்னாச்சுங்க’ என்பாள், எதிர்வீட்டில் டார்ச் அடிப்பார்கள். சத்தம் நின்றால்தான் எங்களுக்குச் சத்தம் கேட்கும். போன வாரம் பாவு ஏற்றுவதற்காக இரண்டு தறியை மட்டும் நிறுத்தியிருந்தோம். ஆறு ஓடியது. சத்தம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்த மாதிரி இருந்தது, அன்றைக்கு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

வெளியூர் மாப்பிள்ளை வந்தபோது ‘என்ன மாமா இந்தச் சத்தம்’ என்று கேட்டார். ‘அது சும்மா ஓடுதுங்க மாப்ள’ என்றேன். சும்மா இசை என்று போட்டால் என்னங்க? எண்ணிப் பார்த்தேன், ஐந்து எழுத்துதான்.

கோபி, வியாழன் காலை 4.40

சோமனூராரே, இலக்கணம் தெரியாது என்று இனிமேல் சொல்லக் கூடாது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

‘கம்பலை சும்மை கலியே அழுங்கல் என்றிவை நான்கும் அரவப் பொருள’. தொல்காப்பியம், உரியியல். சும்மை என்றால் சத்தம்! அருணகிரியாரிடம் வாருங்கள்: ‘சும்மா இரு சொல்லற’. சும்மா என்றால் சத்தமின்மை! ஒரே சொல் எப்படிச் சத்தமாகவும் சத்தமின்மையாகவும் இருக்கும் என்று நாற்பது வருடமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். தறிதான் விடை. ஓயாத சத்தம் காதுக்கு இல்லாமல் போகிறது, சும்மை சும்மாவாகிறது. ஆதாரம் கேட்காதீர்கள், ஊகம்தான். ஆனால் இதைவிட அழகான ஊகம் எனக்கு இனிக் கிடைக்காது. சூழொலியை நான் வாபஸ் வாங்குகிறேன். சும்மையிசை!

தாராபுரம், வியாழன் காலை 8.00

அரவம் என்றால் ஆரவாரம், அய்யா. சந்தைக் கூச்சல். தியானம் பண்ணக் கேட்கும் இசைக்குச் சந்தைக் கூச்சல் என்று பெயரா? இரண்டும் ஒரே சொல் என்பதற்கும் ஓர் ஆதாரமும் காட்டவில்லை. இமிழிசையில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

உடுமலை, வியாழன் காலை 8.40

தம் + இமிழுக்கு ஆதாரம் காட்டியாகிவிட்டதா?

சிங்காநல்லூர், வியாழன் மதியம் 12.15

எனக்குச் சும்மா இசை ரொம்பப் பிடித்துவிட்டது. காலையில் பொறியாளரிடம் விளக்கிச் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது, பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பெண் சொன்னது: ‘சும்மா என்றால் இலவசம் என்று நினைப்பார்கள். அந்தப் பிரிவுக்கு மாதச் சந்தா உண்டு.’ அத்தோடு முடிந்தது.

விளக்குக்கு ‘உள்ளொளி’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். வண்டிக்குள் வள்ளலாரை உட்கார வைக்க எனக்குத் தைரியமில்லை, மன்னிக்கவும். இன்று இரவு அனுப்பியாக வேண்டும். ஆளுக்கு ஒரு வரியில் முடிவைச் சொல்லுங்கள்.

சிங்காநல்லூர், வியாழன் இரவு 11.35

அனுப்பிவிட்டேன். எச்சரிக்கையில் சுற்றுப்புற வெப்பநிலை. விளக்குக்குச் சூழொளி. பாட்டுக்குச் சூழிசை. ஒலியை எடுத்துவிட்டு இசையைப் போட்டதால் தம்பியின் சோளப்பொரிச் சிக்கல் பாதி தீர்ந்தது. ‘லைட்டைக் குறை’, ‘பாட்டைக் குறை’ என்று சொன்னாலும் வண்டி கேட்குமாறு வைக்கச் சொல்லியிருக்கிறேன். எப்படியும் எல்லோரும் அதைத்தான் சொல்லப்போகிறார்கள்.

சூழுக்கு நான்கு பேர், இமிழுக்கு ஒருவர், சும்மாவுக்கு ஒருவர். கோபி அய்யாவின் ஓட்டை எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் எண்ணவில்லை. மூன்றுக்கும் ஒரே சொல் வேண்டும் என்று கேட்டார்கள், இரண்டுக்குத்தான் முடிந்தது.

தாராபுரம், வெள்ளி காலை 7.50

நான்கில் இரண்டு பேர், ‘ஏதோ ஒன்று, சீக்கிரம் முடியுங்கள்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதைச் சூழுக்கு விழுந்த ஓட்டாக எண்ணியதற்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.

சோமனூர், வெள்ளி காலை 9.20

ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போய், வீதியே முழித்துக்கொண்டது. பேரனைத் தூங்க வைத்துவிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை படித்தேன். ஒன்றை மட்டும் யாரும் எழுதவே இல்லை. அந்தக் கார் ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுமுங்க?