ஏற்காட்டு வீட்டுக் கணப்பில் புகை திரும்புகிறது, கரி உதிர்கிறது. உதவுங்கள்

மலைவீடு:
வணக்கம். ஏற்காட்டில் எங்களுடையது தாத்தா காலத்து ஓட்டு வீடு. கூடத்தில் செங்கல் கணப்பும் புகைபோக்கியும் இருக்கின்றன. மூன்று வருடமாக அதை மூட்டவே இல்லை. இந்தப் பனியில் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொள்கிறது என்று போன வாரம் மூட்டினோம். அரை மணி நேரத்தில் கூடம் முழுக்கப் புகை. அம்மாவுக்குத் தலைவலி, குமட்டல். வெளியே கூட்டிவந்து உட்கார வைத்த பிறகுதான் சரியானது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் தார் பூசியதுபோல் கறுப்பாக மினுங்குகிறது. எரித்தது தோட்டத்துச் சில்வர் ஓக் கிளைகள், வெட்டி ஒரு மாதம் ஆகிறது. மண்ணெண்ணெயில் சாக்கை நனைத்துக் கொளுத்திவிட்டால் கரியெல்லாம் எரிந்து விழுந்துவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன். செய்யலாமா?

செவ்வாய்ப்பேட்டை மேஸ்திரி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த மினுங்கும் கறுப்பு சாதாரணக் கரி இல்லை. ஈர விறகின் புகை குளிர்ந்த சுவரில் பட்டுப் படியும் கிரியோசோட் அது, தானே நின்று எரியக்கூடியது. ஒருமுறை பற்றிக்கொண்டால் குழாய்க்குள் சூடு 1,000 டிகிரியைத் தாண்டிவிடும். பழைய சுண்ணாம்புக் கட்டு வெடிக்கும், விரிசல் வழியாக நெருப்பு கூரை மரத்துக்குப் போகும். உள்ளே ரயில் ஓடுவதுபோல் இரைச்சல் கேட்டால் உடனே எல்லோரும் வெளியே வந்து 101-ஐ அழையுங்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான செங்கல் பிளந்துவிடும்.

அம்மாவுக்கு வந்தது கார்பன் மோனாக்சைடின் வேலையாகத்தான் தெரிகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. திரும்ப அப்படி வந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சுத்தம் செய்யும்வரை கணப்பை மூட்டவே வேண்டாம்.

நாகலூர்க்காரர்:
மேஸ்திரி அண்ணா சொல்வது சரி. மூன்று வருடம் சும்மா கிடந்த குழாய் என்றால் முதலில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் தேனடையே இருந்தது. தேனீ இருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள், தேன் எடுக்கிறவர்களைக் கூப்பிடுங்கள்.

மலைவீடு:
கூடு இருக்கலாம், மேலே வெளிச்சமே தெரியவில்லை. நானே கூரையில் ஏறிப் பார்க்கட்டுமா?

செவ்வாய்ப்பேட்டை மேஸ்திரி:
வேண்டாம் தம்பி. பனியில் பாசி பிடித்த ஓடு எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். மழை விட்டு நன்றாகக் காய்ந்த நாளில், சாரம் கட்டத் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள். கணப்பு ஆறி ஒரு நாளாவது ஆகியிருக்கட்டும். முன்வாயைத் தார்பாலின் வைத்து இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள், இல்லையென்றால் கரித்தூள் வீடெங்கும் பறக்கும். முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் கட்டாயம். குழாய் அகலத்துக்கு ஏற்ற கம்பி பிரஷைக் கழியில் மாட்டி மேலும் கீழும் இழுக்க வேண்டும். மினுங்கும் படிவம் பிரஷுக்கு வராது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அவசரப்பட்டு உளியால் தட்டினால் செங்கல் பெயர்ந்துவிடும். முடிந்ததும் விரிசல் இருக்கிறதா என்று அதே ஆளையே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வருடம் ஒருமுறை, குளிருக்கு முன்பே, பார்த்துவிடுங்கள். படிவம் 3 மி.மீ. தொட்டால் சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

நாகலூர்க்காரர்:
விறகையும் மாற்றுங்கள். பிளந்து, மேலே மட்டும் மூடி, காற்றோட்டமாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் அடுக்கி வைக்க வேண்டும். இரண்டு துண்டை மோதினால் 'டங்' என்று கேட்டால் காய்ந்த விறகு, 'தொப்' என்றால் இன்னும் ஈரம்.

மலைவீடு (பத்து நாள் கழித்து):
சேலத்திலிருந்து ஆள் வந்தார். கழுத்துப் பகுதியில் சுள்ளியும் வைக்கோலுமாக ஒரு கூடு, உள்ளே பழைய முட்டை ஓடு. கரி மட்டும் ஒரு சாக்கு. விரிசல் இல்லை. நேற்று காய்ந்த விறகு கொஞ்சமாக வைத்து, ஜன்னலை ஒரு விரல் திறந்து மூட்டினோம். புகை நேராக மேலே போனது. அம்மா ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், தலைவலி இல்லை. கார்பன் மோனாக்சைடு அலாரமும் வாங்கி மாட்டிவிட்டேன். தணல் முழுக்க அடங்கும்வரை யாரும் தூங்கப் போகவில்லை. மேலே வலை போட வேண்டும், எந்த அளவு?

செவ்வாய்ப்பேட்டை மேஸ்திரி:
முக்கால் அங்குலக் கண் உள்ள, துருப்பிடிக்காத கம்பி வலை. கொசுவலை மாதிரி நெருக்கமாக வேண்டாம், கரி அடைத்துப் புகை மறுபடி உள்ளேதான் வரும். சாம்பலை மூடி உள்ள தகர வாளியில் அள்ளி, வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். உள்ளே தணல் இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும்.