புதுப்பிப்பு: தொட்டியில் தண்ணீர் தேங்கி மஞ்சளான துளசி, ஓமவல்லி – எந்த மண் கலவை சரிவந்தது

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக் காரிடாரில் தொட்டி மண் இறுகி, தண்ணீர் இறங்காமல் துளசியும் ஓமவல்லியும் மஞ்சளாகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, "உரத்தை விடுங்க, முதல்ல வேருக்குக் காற்று போகட்டும்" என்று ஓர் அக்கா சொன்ன யோசனை. நர்சரி மண் இரண்டு பங்கு, தேங்காய் நார்த்தூள், பெர்லைட் (மண்ணை இலகுவாக்கும் வெள்ளை எரிமலைக் கல் துகள்), நன்கு மக்கிய கம்போஸ்ட் தலா ஒரு பங்கு கலந்து மாற்றி நட்டேன். நார்த்தூளை முதலில் ஊறவைத்து அலசிவிடுங்கள், சிலவற்றில் உப்பு இருக்கும். இப்போது தண்ணீர் அடித்துளை வழியே தாராளமாக வடிகிறது. துளசி தளிர்விட்டிருக்கிறது, பார்க்கவே சந்தோஷம்.

எதிர்பாராதது ஓமவல்லிதான். அதன் சதைப்பற்றான இலையே நீரைச் சேமித்துக்கொள்வதால் இந்தக் கலவையிலும் ஈரம் அதிகமானது. கம்போஸ்டைப் பாதியாக்கி, பெர்லைட்டைக் கூட்டிய பிறகுதான் தேறியது. புதினா நேர் எதிர், ஈரம் கேட்கும். அதற்கு நார்த்தூளைக் கூட்டுங்கள்.

அப்புறம், துளசிக்கும் ஓமவல்லிக்கும் மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்குவதை உடனே கொட்டிவிடுங்கள், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும்.