சளியோடு டைவ் இறங்கலாமா? (பணம் கட்டியாச்சு)

அரைச்செவிடன்:
வணக்கம் நண்பர்களே. வரும் வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து போர்ட் பிளேர், அங்கிருந்து படகில் ஹேவ்லாக் தீவு. 3 நாளில் கடலுக்கடியில் 6 டைவ், பணம் கட்டிவிட்டேன். நேற்றிலிருந்து சளி. மூச்சு விட முடிகிறது, ஆனால் இடது காதில் பஞ்சு வைத்தது போல ஓர் அடைப்பு. ஓப்பன் வாட்டர் என்கிற முதல் நிலைப் பயிற்சி முடித்து இதுவரை 14 டைவ் போயிருக்கிறேன். அந்த இடது காது எப்போதுமே கொஞ்சம் அடம்பிடித்துத்தான் திறக்கும். மூக்கில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்கிறான் உடன் வரும் நண்பன். என்ன சொல்கிறீர்கள்?

காற்றாடி:
தாராளமாகப் போங்கள். நான் பிறவி மூக்கடைப்புக்காரன். 80 டைவ் தாண்டிவிட்டேன். இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஸ்ப்ரே, அவ்வளவுதான். இங்கே கேட்டால் எல்லோரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். சொல்வதற்கு என்ன, காசா பணமா? டிக்கெட் எடுத்தவர் நீங்கள்.

படகுத்துறை:
வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். 8 வருடமாக டைவ் கற்றுக்கொடுக்கிறேன். இறங்கிய வேகத்தில் என் மாணவர்கள் திரும்பி மேலே வந்தது பெரும்பாலும் காதால்தான். சுறாவைப் பார்த்து இதுவரை ஒருவரும் வரவில்லை.

18 மீட்டர் ஆழத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள் முதல் சில மீட்டரைக் கவனிப்பதில்லை. 10 மீட்டருக்குள் அழுத்தம் இரட்டிப்பாகிறது, செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவிக் காற்று பாதியாகச் சுருங்குகிறது. அடுத்த 10 மீட்டரில் மூன்றில் ஒன்றாகிறது, அவ்வளவுதான். அதனால் தண்ணீருக்கு மேலே இருக்கும்போதே ஒருமுறை காதைத் திறந்துகொண்டு, கயிற்றைப் பிடித்தபடி கால் கீழாக இறங்க வேண்டும். அரை மீட்டருக்கு ஒருமுறை ஈக்வலைஸ் செய்ய வேண்டும், அதாவது நடுச்செவிக்குக் காற்றை அனுப்பி அழுத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். வலித்த பிறகு திறக்க முயல்வது காலம் கடந்த வேலை.

காற்றாடி:
இந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரியும். காது திறக்கத்தானே ஸ்ப்ரே? பாதி டைவில் மருந்து நின்றுவிடும் என்று அடுத்துப் பயமுறுத்துவீர்கள். ஆக்ஸிமெட்டாசோலின் 10 மணி நேரம் தாங்கும். நம் டைவ் 45 நிமிடம்.

படகுத்துறை:
மருந்து அவ்வளவு நேரம் தாங்குவது உண்மைதான். ஆனால் சளி பிடித்த மூக்கில் அதை நம்ப முடியாது என்பதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். நல்ல சளி. ஸ்ப்ரே அடித்தேன், இறங்கும்போது இரண்டு காதும் சமர்த்தாகத் திறந்தன. ஏறும்போது 7 மீட்டரில் வலது காதில் ஆணி இறக்கியது போல வலி. உள்ளே விரிகிற காற்றுக்கு வெளியேற வழியில்லை. இறங்கும்போது வலித்தால் மேலே வந்துவிடலாம். ஏறும்போது வலித்தால் எங்கே போவீர்கள்? 2 மீட்டர் கீழே போய், எச்சில் விழுங்கி, தாடையை அசைத்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி... சிலிண்டரில் 40 பார் காற்றுதான் மிச்சம். மேலே வந்தபோது தலை சுற்றியது, முகக்கண்ணாடிக்குள் ரத்தம்.

காற்றாடி:
உங்களுக்கு ஒருமுறை அப்படி நடந்தது. எனக்கு 80 முறை நடக்கவில்லை.

தூத்துக்குடியான்:
எங்கள் தாத்தா சங்கு குளித்தவர். சிலிண்டர் கிடையாது, மூச்சடக்கித்தான் போவார். சளி என்று படுத்தால் அன்றைக்கு வீட்டில் உலை கொதிக்காது. நல்லெண்ணெயைக் காய்ச்சி, ஆறவைத்து, காதுக்கு 2 சொட்டு விட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

காற்றாடி:
பார்த்தீர்களா! ஸ்ப்ரே கூட இல்லாமல்!

தூத்துக்குடியான்:
முழுசாகச் சொல்ல விடுங்கள் அண்ணே. 50 வயதில் தாத்தாவுக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது. பேரப்பிள்ளைகள் எல்லோரும் வலப்பக்கம் உட்கார்ந்துதான் பேசுவோம். இடது காது எங்கே தாத்தா என்றால், ‘கடல் வாங்கிக்கிச்சு’ என்பார்.

கா_மூ_தொ:
நான் காது மூக்கு தொண்டை மருத்துவர், டைவும் போகிறவன். இருவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. காற்றாடி அவர்களுக்கு இருப்பது நாள்பட்ட மூக்கடைப்பு. கேள்வி கேட்டவருக்கு வந்திருப்பது புதுச் சளி. இதில் தொண்டையையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழாயே உள்ளே வீங்கியிருக்கும். ஸ்ப்ரே பெரும்பாலும் மூக்கின் முன்பகுதியோடு நின்றுவிடும், குழாயின் வாய் அதற்கு வெகு பின்னால் இருக்கிறது.

நான் அதைவிடப் பயப்படுவது வேறொன்றுக்கு. காதைத் திறக்காமலே ஒன்றரை மீட்டர் போய்விட்டால் அழுத்தத்தால் அந்தக் குழாய் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு ஊதினாலும் திறக்காது. ஊத ஊத மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் அழுத்தம் ஏறி, உள்காதின் வட்டச் சாளரம் என்ற மெல்லிய சவ்வு கிழிந்துவிடலாம். செவிப்பறை கிழிந்தால் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக ஆறும். உள்காதில் போன கேட்கும் திறன் பல நேரம் திரும்புவதில்லை. டைவ் முடிந்தபின் தலைசுற்றல், காதில் இரைச்சல், கேட்பதில் குறைவு என்று எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

ஊதுவதற்குப் பதில் மூக்கைப் பிடித்து எச்சில் விழுங்கிப் பாருங்கள். அல்லது மூக்கைப் பிடித்தபடியே நாக்கின் அடிப்பகுதியை மேலே தள்ளி, ‘க்’ என்று சொல்லப்போவது போலச் செய்யுங்கள். கண்ணாடி முன் நின்று வீட்டிலேயே பழகலாம்.

தூத்துக்குடியான்:
அப்போ நல்லெண்ணெய், டாக்டர்?

கா_மூ_தொ:
எண்ணெய் செவிப்பறைக்கு வெளியே நின்றுவிடும். அடைப்பு உள்ளே இருக்கிறது. வெளிக்காதில் வரும் புண் தனிக் கதை, அது ஈரத்தால் வருகிறது. அதற்கு நல்ல தண்ணீரில் காதை அலசி உலரவிட்டாலே பெரும்பாலும் போதும். நாள்கணக்கில் அழுத்த அறைக்குள்ளேயே தங்கும் தன் டைவர்களுக்கு அமெரிக்கக் கடற்படை அசெட்டிக் அமிலச் சொட்டு விடச் சொல்கிறது, ஒரு காதுக்கு 5 நிமிடம், கைக்கடிகாரம் பார்த்து. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் இதெல்லாம் கூடாது. அப்புறம், தயவுசெய்து பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள். காதுக்குக் காவலே அந்த அழுக்குதான்.

அரைச்செவிடன்:
நன்றி. டைவ் கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள் 2 டைவையும் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்கிறார்கள். பணம் மட்டும் திரும்ப வராதாம். சளி விடவில்லை என்றால் ராதாநகர் கடற்கரையில் உட்கார்ந்து நண்பன் வரும்வரை இளநீர் குடிக்க வேண்டியதுதான்.

காற்றாடி:
சரி, விமானத்துக்காவது ஸ்ப்ரே அடிக்க விடுவீர்களா டாக்டர்?

கா_மூ_தொ:
அதற்கு அடிக்கலாம், விமானம் இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால். விமானம் இறங்கும்போது அரை மணி நேரத்தில் காது தாங்குகிற மாற்றம் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தண்ணீருக்குச் சமம். நீங்கள் கயிற்றை விட்டுவிட்டுத் தலைகீழாகப் பாய்ந்தால் அதே மாற்றம் 10 விநாடிக்குள் வந்துவிடும்.