பயாஸ் அப்டேட் பாதியில் நின்றுபோன மதர்போர்டு: மீட்க முடியுமா?

கயல்:
வணக்கம். டெஸ்க்டாப்ல பயாஸ் (கம்ப்யூட்டரை முதல்ல எழுப்புற, மதர்போர்டுலயே இருக்கிற புரோகிராம்) அப்டேட் ஓடிக்கிட்டு இருந்தப்போ கரண்ட் போயிடுச்சு. 60 சதவீதம் தாண்டியிருந்தது. இப்போ பவர் பட்டனை அழுத்தினா ஃபேன் எல்லாம் சுத்துது. டிஸ்ப்ளே இல்லை, பீப் சத்தம் இல்லை, கீபோர்டுல நம்லாக் விளக்குகூட எரியலை. ரிப்பேர் பண்றவர் பார்த்துட்டு "போர்டு செத்துப்போச்சு, வேற வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டார். என் பிராசஸருக்குப் பொருந்துற போர்டு இப்போ புதுசா வர்றதே இல்லை. எஸ்எஸ்டியில என் ஆய்வேட்டோட கடைசி அத்தியாயங்கள் இருக்கு. ஏதாவது வழி இருக்கா?

சேது:
சிமாஸ் பேட்டரியை (செட்டிங்ஸை நினைவுல வெச்சிருக்க போர்டுல இருக்கிற காசு மாதிரி பேட்டரி) கழட்டி பத்து நிமிஷம் விட்டுத் திரும்பப் போடுங்க. எனக்கு ஒருதடவை அதுலயே சரியாச்சு.

மூர்த்தி:
கயல், முதல்ல ஆய்வேட்டைப் பத்தின பயத்தை விடுங்க. பயாஸ் அப்டேட் எஸ்எஸ்டியைத் தொடவே தொடாது. வேற கம்ப்யூட்டர்ல மாட்டினா ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும். பிட்லாக்கர் (விண்டோஸ் டிரைவைப் பூட்டி வைக்கிற வசதி) போட்டிருந்தா மட்டும் திறக்க ரெக்கவரி கீ கேட்கும்.

அடுத்தது, போர்டு சாகலை. ரிப்பேர்காரங்க இதைச் சொல்றதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது. போர்டுல எட்டுக் கால் உள்ள ஒரு சின்ன ஃப்ளாஷ் சிப் இருக்கு. அதுக்குள்ள பாதி பழைய புரோகிராமும் பாதி புதுசும் கலந்து கிடக்கு, அவ்வளவுதான். மத்த எந்தப் பாகத்துக்கும் ஒண்ணும் ஆகலை. 1998-ல வந்த சிஐஎச் வைரஸ் பயாஸ் சிப்புல குப்பையை எழுதி வெச்சது. அப்பவே அந்தச் சிப்பைத் திரும்ப எழுதி போர்டைப் பிழைக்க வெச்சாங்க.

சேது சொன்னது செட்டிங்ஸ் கெட்டுப்போனா உதவும். இங்க கெட்டது புரோகிராமே. பேட்டரியைக் கழட்டினா அது திரும்பி வராது. செஞ்சு பார்க்கிறதுல நஷ்டம் இல்லை, ஆனா அதோட நின்னுடாதீங்க.

போர்டோட பின்பக்கம், யுஎஸ்பி போர்ட் வரிசையில, ஃப்ளாஷ்பேக்னோ க்யூ-ஃப்ளாஷ் பிளஸ்னோ எழுதின பட்டன் இருக்கான்னு பாருங்க. சில போர்டுல அது உள்பக்கம் இருக்கும். இருந்தா வேலை சுலபம். பென்டிரைவை ஃபேட்32-ங்கிற வகையில ஃபார்மட் பண்ணி, உங்க மாடலுக்கான பயாஸ் ஃபைலை மட்டும் போட்டு, மேனுவல் சொல்ற பெயரை எழுத்துப் பிசகாம வைங்க. அதுக்குன்னு குறிச்ச போர்ட்ல செருகி, கம்ப்யூட்டரை ஆன் பண்ணாம, சப்ளை மட்டும் கொடுத்து பட்டனை அழுத்தணும். இதுக்குன்னே தனியா ஒரு கன்ட்ரோலர் இருக்கிறதால பிராசஸரோ ராமோ வேலை செய்யணும்னு அவசியமே இல்லை. விளக்கு மின்னிக்கிட்டு இருக்கும், சில நிமிஷம் ஆகும். அது முடியற வரைக்கும் கை வைக்காதீங்க.

பட்டன் இல்லைன்னா சிப்போட நேரடியா பேசணும். அந்தச் சிப் மேல என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க.

கயல்:
பட்டன் எங்கயும் இல்லை அண்ணா. மொபைல் கேமராவுல பெருசாக்கிப் பார்த்தேன்: விண்பாண்ட் 25கியூ128ஜேவி. நண்பர் ஒருத்தர்கிட்ட கறுப்பு நிற சிஎச்341ஏ புரோகிராமரும் (சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவுற யுஎஸ்பி கருவி) சிப்போட காலைக் கவ்விப் பிடிக்கிற கிளிப்பும் இருக்கு. அதை வெச்சுப் பண்ணலாமா?

ஆதிரை:
கயல், கொஞ்சம் பொறுங்க. அந்தக் கறுப்பு போர்டுல பலதும் சிப்புக்கு 3.3 வோல்ட் சப்ளை கொடுத்தாலும் டேட்டா லைன்ல 5 வோல்ட் அனுப்பும். மல்ட்டிமீட்டர் வெச்சுப் பார்க்காம மாட்டாதீங்க. லைன்லயும் 3.3 மட்டும் வர்ற மாதிரி மாத்தினது, இல்லைன்னா வோல்டேஜ் தேர்ந்தெடுக்கிற வசதியுள்ள புது மாடல் நல்லது. உங்க சிப் ஜேவி, அதனால 3.3 வோல்ட் சரி. கடைசி எழுத்து ஜேடபிள்யூன்னு இருந்தா அது 1.8 வோல்ட் சிப், அதுக்குத் தனி அடாப்டர் வேணும். இதைப் படிக்கிற மத்தவங்களும் கவனிச்சுக்கோங்க.

மூர்த்தி:
ஆதிரை சொன்னது முக்கியம். அதை முடிச்சுட்டு இதைச் செய்யுங்க. பவர் கேபிளைப் பிடுங்கிடுங்க, சிமாஸ் பேட்டரியையும் எடுத்துடுங்க. சிப்போட ஒரு மூலையில சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் ஒண்ணாம் கால். கிளிப்போட சிவப்பு ஒயர் அந்தப் பக்கம் வரணும்.

இப்போ நான் கெஞ்சிக் கேட்கிற ஒரே விஷயம்: எதையும் அழிக்கிறதுக்கு முன்னாடி, கெட்டுப்போன நிலையிலயே சிப்பை முழுசா ரீட் பண்ணி சேமிச்சு வைங்க. "அதான் கெட்டுப்போச்சே, எதுக்கு?"ன்னு தோணும். போர்டோட சீரியல் நம்பர், பல போர்டுகள்ல நெட்வொர்க் மேக் அட்ரஸ் (நெட்வொர்க்ல அந்த போர்டை அடையாளம் காட்டுற எண்) எல்லாம் அந்தச் சிப்புக்குள்ளதான் இருக்கு. கம்பெனி தளத்துல இருந்து எடுக்கிற ஃபைல்ல உங்க போர்டுக்கே உரிய அந்த விவரங்கள் இருக்காது. அழிச்ச பிறகு அழுது பிரயோஜனம் இல்லை.

ரெண்டு தடவை ரீட் பண்ணி ரெண்டு ஃபைலையும் ஒப்பிடுங்க. ஒரு பைட் மாறினாலும் கிளிப் சரியா பிடிக்கலைன்னு அர்த்தம், அந்த நிலையில எழுதவே கூடாது. 128ங்கிறது மெகாபிட், அதாவது 16 எம்பி. ரெண்டு ஃபைலும் சரியா 1,67,77,216 பைட் இருக்கணும். தளத்து ஃபைல் அதைவிடச் சில கிலோபைட் அதிகமா இருந்தா முன்னாடி ஒரு ஹெடர் (சிப்புல எழுத வேண்டாத கூடுதல் பகுதி) ஒட்டியிருக்கு. யுஇஎஃப்ஐடூல்ங்கிற (பயாஸ் ஃபைலைப் பிரிச்சுப் பார்க்கிற) புரோகிராம்ல திறந்து அதை நீக்கிட்டுத்தான் எழுதணும். சிப்பைவிடச் சின்னதா இருந்தா எழுதாதீங்க, இங்க வந்து கேளுங்க.

கயல்:
ரீட் பண்ணா ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வருது. ஒரு தடவை முழுக்க எஃப்எஃப், அதாவது சிப் காலியா இருக்கிற மாதிரி.

மூர்த்தி:
கிளிப்தான். அந்த மலிவான கிளிப் சிப்போட காலை விட்டு வழுக்கிக்கிட்டே இருக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால காலைத் துடைங்க, நேரா மேலிருந்து அழுத்தி மாட்டுங்க, எக்ஸ்டென்ஷன் கேபிள் இல்லாம கம்ப்யூட்டர்லயே நேரடியா செருகுங்க. அப்படியும் மாறிக்கிட்டே இருந்தா, கிளிப் கொடுக்கிற மின்சாரத்தை போர்டோட மத்த பாகங்கள் உறிஞ்சுதுன்னு அர்த்தம். அப்போ சிப்பைக் கழட்டி எடுத்துத்தான் எழுதணும். அதுக்கு ஹாட் ஏர் (சூடான காத்தால சால்டரை உருக்குற கருவி) பழகின கை வேணும், நீங்களே முயற்சி பண்ணாதீங்க.

கயல்:
வந்துடுச்சு!! துடைச்சு மாட்டினதும் ரெண்டு ரீடும் ஒண்ணா இருந்தது. பேக்கப் எடுத்துட்டேன். தளத்து ஃபைல்ல ஹெடர் இருந்தது, நீக்கினதும் பைட் கணக்கு அப்படியே பொருந்துச்சு. அழிச்சு, எழுதி, வெரிஃபை பண்ணேன். ஆன் பண்ணதும் ரொம்ப நேரம் கறுப்புத் திரை, உயிரே போயிடுச்சு. அப்புறம் தானா ரீஸ்டார்ட் ஆகி லோகோ வந்தது. இப்போ நீலத் திரையில பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்குது. இது என்ன?

மூர்த்தி:
அருமை கயல், ரொம்ப சந்தோஷம். முதல் தடவை ராமை அளந்து பழகிக்க நேரம் எடுக்கும், அதுதான் அந்தக் கறுப்புத் திரை. ஃபர்ம்வேர், அதாவது பயாஸ், மாறினதால டிபிஎம் (பிட்லாக்கர் சாவியைப் பாதுகாக்கிற பகுதி) பழைய சாவியைக் கொடுக்க மாட்டேங்குது, அதனாலதான் பிட்லாக்கர் கேட்குது. மொபைல்ல உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டுக்குள்ள போய் ரெக்கவரி கீஸ் பக்கத்தைப் பாருங்க, 48 இலக்க எண் இருக்கும். திரையில காட்டுற கீ ஐடியோட ஒத்துப்போறதைத் தேர்ந்தெடுத்து அடிங்க. உள்ளே போனதும் முதல் வேலையா ஆய்வேட்டை வெளி டிரைவுக்குக் காப்பி பண்ணுங்க. மேக் அட்ரஸும் சீரியல் நம்பரும் சரியா வந்திருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. வரலைன்னா அந்த பேக்கப்ல இருந்து எடுத்துச் சேர்க்கலாம்.