முப்பது வருசத்துக்கு மேல நின்ன எச்.டி-2: புரொப்பெல்லரைச் சுத்தலாமுங்களா?

பீளமேட்டான்:
காலேஜ் ஷெட்டுல எச்.டி-2 பயிற்சி விமானம் ஒண்ணு நிக்குதுங்க. சிரஸ் மேஜர் 3 எஞ்சின், 155 குதிரைத்திறன். திரும்பப் பறக்க வைக்க முடியுமான்னு பாக்கணும். எஞ்சின் சிக்கியிருக்கான்னு தெரிஞ்சுக்கப் பசங்க கையால சுத்தத் துடிக்கிறாங்க. சுத்தலாமுங்களா? தேஞ்ச புஷ்ஷெல்லாம் (ஓட்டைக்குள்ள போடற உலோக வளையம்) இங்க கோயம்புத்தூர் கணபதி பட்டறையிலயே கடைஞ்சுக்கலாமா?

தலைகீழ் நாலு:
இப்பத் தொடாதீங்க. சுவிட்ச் ஆஃப்ல இருக்குங்கறதை நம்பக் கூடாது. எர்த் வயர் அறுந்திருந்தா, பிளக்குக்குத் தீப்பொறி தர்ற மேக்னெட்டோ உயிரோடதான் இருக்கும்; கையால சுத்தினாலே எஞ்சின் கிளம்பிடலாம். பெட்ரோலை வடிச்சுட்டு எட்டு பிளக்கையும் கழட்டுங்க.

இது தலைகீழ் எஞ்சின். சிலிண்டர் கீழ, புரொப்பெல்லரைச் சுத்தற கிராங்க் தண்டு மேல. ஆயில் மெல்ல இறங்கிச் சிலிண்டர்ல தேங்கும். பிளக்கோட சுத்தினா அது அமுங்காது, பிஸ்டனைக் கிராங்கோட சேக்கற கனெக்டிங் ராடுதான் வளையும். இறுகுதேன்னு பின்னாடி திருப்பறது அதைவிட மோசம். ஆயில் இன்டேக் பைப்புக்குள்ள போய் ஒளிஞ்சு, ஸ்டார்ட் பண்றப்ப மறுபடி உள்ள வரும்.

சிலிண்டர் நல்லா இருக்குன்னு போரோஸ்கோப் (பிளக் ஓட்டை வழியா உள்ள பாக்கற குழல் கேமரா) காட்டினாலும் சந்தோசப்படாதீங்க. ஆயில் வடிஞ்சு காய்ஞ்சு கிடக்கறது மேல இருக்கற கிராங்க்தான். மேல் மூடியைத் திறந்து ஜர்னல்ல (கிராங்க் பேரிங்ல உக்கார்ற வழவழப்பான பகுதி) துருக்குழி இருக்கான்னு பாருங்க. குழி இருந்தா அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும்.

ரிவெட்டு:
எஞ்சினைக் காசு போட்டுச் சரி பண்ணிடலாம். பறக்குமா பறக்காதான்னு சொல்றது மெயின் ஸ்பார், அதாவது இறக்கையைத் தாங்கற முக்கிய உத்தரம். இறக்கை சேர்ற இடத்துல பெயின்டைச் சுரண்டாம கெமிக்கல்ல எடுங்க. ரிவெட் தலை எம்பியிருக்கா, ரெண்டு தகட்டுக்கு நடுவுல வெள்ளைப் பொடி தள்ளுதான்னு பாருங்க. டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள்ள ஊடுருவற சாயம்) மேல தெரியற விரிசலை மட்டுந்தான் காட்டும். அடியில இருக்கறதுக்கு எடி கரன்ட் (உலோகத்துல மின்சாரத்தைத் தூண்டிப் பாக்கற சோதனை) வேணும்.

கன்ட்ரோல் கேபிளைப் புல்லியிலிருந்து கழட்டி, அந்த இடத்துலயே வளைச்சுப் பாருங்க. துரு உள் இழையில இருக்கும். ரப்பர் ஹோஸ் மொத்தமும் குப்பைக்கு. வேகம் அளக்கற பிட்டாட் குழாய், பெட்ரோல் டேங்குக்குக் காத்து போற வென்ட் ரெண்டுலயும் குளவி கூடு கட்டியிருக்கும். கன்ட்ரோல் சர்ஃபேஸை (விமானத்தைத் திருப்பற அசையும் தகடுகள்) பூட்டாம விட்டிருந்தா ஆடிக் காத்து ஆட்டி ஆட்டி ஹிஞ்ச் ஓட்டை நீள்வட்டமாயிருக்கும், அதையும் அளந்துக்கங்க.

லேத்துப்பட்டறை:
கணபதியில கடைஞ்சா அளவுல குறை வராதுங்க. உலோகத்துக்கு என்ன சாட்சி? ஹீட் நம்பரோட (உலோகம் எந்த உருக்குல வந்துதுங்கற எண்) டெஸ்ட் சர்ட்டிபிகேட், ஒப்புதல் ஆன டிராயிங் இல்லாத புஷ்ஷைப் பறக்காத காட்சி விமானத்துலதான் போடலாம். போல்ட்டும் அப்படித்தான். ஹார்டுவேர் கடை 10.9 கிரேடு போல்ட் பலமாத்தான் இருக்கும்; ஆனா மரை ஓட்டைக்குள்ள வந்து உக்காந்தா அங்கதான் அறுக்கும்.

செலவுக்கு முன்னாடி லாக் புக்கை (ஓடின மணி, ரிப்பேர் எழுதற புத்தகம்) தேடுங்க. விமானத்துக்கு அனுமதி தர்ற டிஜிசிஏ முதல்ல கேக்கறது அதைத்தான்.

பீளமேட்டான்:
பாடிக்கு மட்டும் இருக்குதுங்க. எஞ்சினுக்கு இல்லை.

தலைகீழ் நாலு:
அப்ப எத்தனை மணி ஓடுச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. முழுசாப் பிரிச்சு, கிராங்க், ராடு, கியருக்கு மேக்னடிக் டெஸ்ட் (காந்தமாக்கி விரிசல் தேடறது). முதல்ல கிராங்கை அனுப்புங்க. அது தேறலைன்னா மீதிக்குச் செலவு பண்ணாதீங்க.