நோயே இல்லாதவர் முழு ஜீனோமையும் படித்துப் பார்க்க வேண்டுமா?

இரவுப்பறவை:
உடம்பில் ஒரு குறையும் இல்லை, இருந்தாலும் முழு ஜீனோமையும், அதாவது என் டிஎன்ஏ-வில் உள்ள எல்லா எழுத்துகளையும், எடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்றாவது தெரியுமே. எச்எல்ஏ-பி என்ற மரபணுவில் 15:02 என்ற வகை உள்ளவருக்கு வலிப்புக்கான கார்பமாசெபின் கொடுத்தால் சிலருக்குத் தோல் கொப்பளித்து உரிந்துவிடும், உயிரே போகலாம்.

சந்தேகப்பிராணி:
அதற்கு அந்த ஒரு மரபணுவைப் பார்த்தால் போதுமே, 300 கோடி எழுத்து எதற்கு? யாரை எடுத்தாலும் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மாதிரி ஜீனோமிலிருந்து 40, 50 லட்சம் இடங்களில் மாறித்தான் இருப்பார்கள், அதில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. ஆனால் ரிப்போர்ட்டில் 'விளைவு தெளிவாகாத மாற்றம்' என்று ஒரு வரி வரும், டாக்டர் இப்போதைக்கு விட்டுவிடுங்கள் என்பார், உங்களுக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

இரவுப்பறவை:
தூக்கம் போனால் போகட்டும். பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் கெடுதலான மாற்றம் உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. முன்பே தெரிந்தால் எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிக்கலாம். குடும்பத்தில் யாருக்கும் வரவில்லை என்பதாலேயே சோதிக்காமல் விடப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

கடைசிபெஞ்ச்:
நடுவில் ஒரு விஷயம். டிஎன்ஏ-வின் வடிவத்தைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வாட்சனுக்கு 2007-இல் அவருடைய ஜீனோமையே படித்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் வெளியிடச் சம்மதித்தவர், அல்சைமர் என்ற மறதிநோயோடு தொடர்புள்ள ஏபிஓஇ மரபணுவை மட்டும் தனக்கே காட்ட வேண்டாம் என்றுவிட்டார். மறைத்தார்கள். ஆனால் அக்கம்பக்கத்து எழுத்துகள் சேர்ந்தே கடத்தப்படுவதால் அவற்றை வைத்தே மறைத்ததை ஊகித்துவிடலாம் என்று வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்ட, அந்தப் பகுதியையே இன்னும் அகலமாக நீக்க வேண்டியதாயிற்று.

சந்தேகப்பிராணி:
இதைத்தான் சொல்ல வந்தேன். ஒரே ஆளின் ஜீனோமுக்குள்ளேயே ஒளிக்க முடியவில்லை, குடும்பத்துக்குள் எப்படி ஒளிப்பது? உடன்பிறந்தவர்களுக்குள் சராசரியாகப் பாதி டிஎன்ஏ ஒன்று. கலிபோர்னியாவில் பல ஆண்டுகள் பிடிபடாத தொடர் கொலையாளியை 2018-இல் பிடித்ததே தூரத்து உறவினர்கள் பதிவேற்றிய டிஎன்ஏ வழியாகத்தான். கொலைகாரன் மாட்டினான், சந்தோஷம். ஆனால் உங்கள் தம்பி என்ன குற்றம் செய்தார்? அவரைக் கேட்டீர்களா?

இரவுப்பறவை:
கேட்கவில்லை, கேட்கிறேன். அவன் வேண்டாம் என்றால் என் உடம்பை நான் பார்க்கக் கூடாதா, அது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை.

கடைசிபெஞ்ச்:
பார்க்கலாம், எங்கேயும் பதிவேற்றாதீர்கள். அப்புறம், அந்தத் தெளிவாகாத வரிகளைத் தம்பிக்கு அனுப்பி வைக்காதீர்கள்.