ஸ்லிட் குடுத்தும் செல் விலக மாட்டேங்குது, உதவி வேணும்

மல்லிப்பூ | திங்கள், இரவு 11:48
எல்லாருக்கும் வணக்கம். முகர்குமிழுக்கு (மூளையில வாசனையைக் கையாளற பகுதி) நகர்ந்து போற இளம் நரம்பு செல்லைப் பார்க்கறேன். எலி மூளையில இருந்து வெட்டின துண்டு (எக்ஸ்பிளான்ட்) மேட்ரிஜெல்ல, அதாவது செல் வளர்க்கற ஜெல்ல, நல்லாத்தான் உட்காருது. ஒரு நாள்ல சங்கிலி சங்கிலியா செல் வெளிய வருது. செல்லைத் தள்ளி விடற புரதம் ஸ்லிட்2, அதைக் குடுத்தா விலகிப் போகணும்ல? போகலை. வட்டமா நாலா பக்கமும் வருது. மூணு தடவை பண்ணியாச்சு. வெள்ளிக்கிழமை லேப் மீட்டிங். யாராச்சும் சொல்லுங்க, ப்ளீஸ்.

வேப்பங்காற்று | செவ்வாய், காலை 6:10
எந்த எக்ஸ்பிளான்ட்? எஸ்விசெட்டா (செல் பிறக்கற இடம்), ஆர்எம்எஸ்ஸா (குமிழுக்குப் போற பாதை)? சுண்டெலியா, பெரிய எலியா? குட்டி பிறந்து எத்தனை நாள்? இதெல்லாம் தெரியாம என்ன சொல்றதுங்க?

நண்டுவளை | செவ்வாய், காலை 7:02
மேட்ரிஜெல்தான். நான் எப்பவும் சொல்றது இதுதான். ராத்திரி முழுக்க ஐஸ்ல வச்சு உருக்கணும், பிப்பெட் டிப்பையும் குளிர வைக்கணும். அறைச் சூட்டுலயே இறுக ஆரம்பிச்சிடும். லாட் மாத்திப் பாருங்க.

வேப்பங்காற்று | செவ்வாய், காலை 7:15
சங்கிலி வருதுன்னு சொல்றாங்களே நண்டு. ஜெல் கெட்டிருந்தா அது எப்படி வரும்?

முதுநரம்பன் | செவ்வாய், காலை 9:30
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்பது நல்ல பழக்கம். 1999இல் யி ராவ் குழு நேச்சர் இதழில் வெளியிட்ட ஸ்லிட் கட்டுரையை முழுதாகப் படித்தீர்களா, சுருக்கத்தை மட்டுமா? ‘ஸ்லிட் கொடுத்தேன்’ என்கிறீர்கள். எதைக் கொடுத்தீர்கள்? புரதமா, மீடியமா, செல்லா? எந்தப் பக்கம் வைத்தீர்கள், எத்தனை மைக்ரான் தள்ளி? திசையைப் பற்றிக் கேட்பவர் திசையைச் சொல்ல வேண்டாமா?

மல்லிப்பூ | செவ்வாய், மதியம் 1:22
சாரி சார், அவசரத்துல விட்டுட்டேன். சுண்டெலி, பிறந்து 5 நாள், எஸ்விசெட் முன்பகுதி. ஹெக் செல்லுல (லேப்ல வளர்க்கற மனித செல்) ஸ்லிட்2 ஜீனை டிரான்ஸ்ஃபெக்ட் பண்ணி (உள்ள செலுத்தி), அது வளர்ந்த மீடியத்தை எடுத்து எக்ஸ்பிளான்ட் இருக்கற வெல்லுல விட்டேன். கன்ட்ரோலுக்கு சாதா ஹெக் செல் மீடியம்.

வேப்பங்காற்று | செவ்வாய், மதியம் 1:50
அதாங்க விஷயம்! மீடியத்தைக் கலந்து விட்டா எல்லாப் பக்கமும் ஒரே அளவு ஸ்லிட். எந்தப் பக்கம் கூட, எந்தப் பக்கம் கம்மின்னு செல்லுக்கு எப்படித் தெரியும்? கிரேடியன்ட் (இந்தக் கூடக்குறைச்சல் சரிவு) இல்லாம திசை இல்ல.

இன்னொண்ணு, அந்த மீடியத்துல ஸ்லிட் எவ்வளவு இருந்துச்சுங்கறதே சந்தேகம். ஸ்லிட்2 ரெண்டா வெட்டுப்படும். வேலை செய்யற என்-துண்டு, சுமார் 140 கிலோடால்டன், செல் மேல இருக்கற ஹெப்பரான் சல்ஃபேட்ங்கற சர்க்கரைச் சங்கிலியைப் பிடிச்சுக்கும். உப்பு அதிகமான கரைசல்ல கழுவுனாத்தான் கழண்டு வரும். அதனால நீங்க எடுத்தது மிச்சம் மீதிதான், பெரும்பகுதி அந்த ஹெக் செல் மேலயே தங்கியிருக்கும்.

செல்லையே வைங்க. தொங்கும் சொட்டுல உருண்டையாக்கி, எக்ஸ்பிளான்ட் அளவுக்கு நறுக்கி, 200–400 மைக்ரான் தள்ளி ஒரே பக்கம் வைங்க. அதுக்கு மேல தள்ள வேண்டாம், மேட்ரிஜெல்லயே பெர்லிக்கன் (ஹெப்பரான் சல்ஃபேட் உள்ள புரதம்) இருக்கு, ஸ்லிட் அதுலயும் ஒட்டும். ஸ்லிட் இல்லாத உருண்டையும் கட்டாயம் வேணும். 48 மணி நேரம் கழிச்சு டபிள்கார்டின் சாயம் (இளம் நரம்பு செல்லைக் காட்டறது) போட்டு, கிட்டப்பக்கம், எட்டப்பக்கம் தனித்தனியா எண்ணுங்க.

மூளைக்குள்ளயும் இப்படித்தான் நடக்குது. ஸ்லிட் சுரக்கறது பின்னால, செப்டத்துலயும் (மூளையோட நடுப்பகுதி) கோராய்டு பிளெக்சஸ்லயும் (மூளைத் தண்டுவட நீரைச் சுரக்கற திசு). மூளை அறைச் சுவர்ல இருக்கற எபென்டைமல் செல்களோட சிலியா (நுண்மயிர்) அடிச்சு மூளைத் தண்டுவட நீரை ஓட்டுறதுலதான் அந்த கிரேடியன்ட் உருவாகுதுன்னு 2006ல சவமோட்டோ குழு காட்டினாங்க. சிலியா பழுதான எலியில நியூரோபிளாஸ்ட்டுகளுக்கு (நகர்ற இளம் நரம்பு செல்) திசை தப்பிடுது. மூளை இவ்வளவு பாடுபட்டு உண்டாக்குற சரிவை நாம கலக்கி ஊத்திடக் கூடாது.

நண்டுவளை | செவ்வாய், மதியம் 2:05
பெர்லிக்கன் மேட்ரிஜெல்லதானே இருக்கு? அதனாலதான் ஜெல்லைப் பாருங்கன்னு முதல்லயே சொன்னேன்.

காயல் | செவ்வாய், மாலை 5:40
பின்னால இருந்து தள்றதையே பேசறீங்க. முன்னால முகர்குமிழ் இழுக்குதே, அதை ஏன் விட்டீங்க? புரோகினெட்டிசின்-2 (புரோக்2) புரதம் இழுக்குதுன்னு 2005ல சயன்ஸ் இதழ்ல வந்தது. அதையும் ஒரு பக்கம் வச்சுப் பாருங்க.

முதுநரம்பன் | செவ்வாய், மாலை 6:12
குமிழை வெட்டி எடுத்த எலிகளிலும் செல்கள் தொடர்ந்து முன்னோக்கி நகர்ந்தன. 1999லேயே காட்டப்பட்டது. குமிழ் இழுக்காவிட்டால் பயணம் நின்றுவிடும் என்பது தவறு.

காயல் | செவ்வாய், மாலை 6:30
நிக்கும்னு நான் சொல்லலையே ஐயா. ஆனா புரோக்2 இல்லாத எலிக்குக் குமிழ் சிறுத்துப் போகுது. கால்மன் நோயாளிகள் (வாசனை தெரியாம, பருவமடையறதும் தடைபடற நோய்) சிலர்கிட்டயும் அதே ஜீன்ல பழுது இருக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?

முதுநரம்பன் | செவ்வாய், இரவு 8:01
குமிழ் சிறுத்தது இழுப்புக்குச் சான்றாகாது. என்கேம் என்ற செல் ஒட்டுப் புரதம் இல்லாத எலிக்கும் குமிழ் சிறுக்கிறது. என்கேம் யாரையும் இழுப்பதில்லை. அதன் மேலுள்ள பாலிசியாலிக் அமிலம் இருந்தால்தான் ஒரு செல் இன்னொன்றின் மேல் வழுக்கிப் போக முடியும். கால்மனை இதில் கலக்காதீர்கள். அங்கே தடைபடுவது ஜிஎன்ஆர்எச் செல் (பருவமடைதலைத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பது), மூக்குப் பக்கம் பிறந்து மூளைக்குள் வருவது. 1989இல் ஆராய்ந்த ஒரு கால்மன் கருவில் அவை மூளைக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றிருந்தன. நாம் பேசும் செல் மூளைக்குள்ளேயே பிறந்து குமிழுக்குப் போகிறது. இரண்டும் வெவ்வேறு பாதை.

காயல் | செவ்வாய், இரவு 8:20
பாதை வேறங்கறதை ஒத்துக்கறேன். சிக்னல் ரெண்டுக்கும் பொதுவா இருக்கக் கூடாதா?

வேப்பங்காற்று | செவ்வாய், இரவு 8:24
ரெண்டு பேரும் தனி இழை போட்டுப் பேசுங்களேன். அந்தப் பொண்ணுக்கு வெள்ளிக்கிழமை மீட்டிங்.

ஓலைச்சுவடி | புதன், காலை 5:55
மல்லி, ஒரு சின்ன யோசனை. கிட்டப்பக்கம் செல் குறைஞ்சா ஸ்லிட் தள்ளுதுன்னு உடனே எழுதிடாதீங்க. அந்தப் பக்கம் வர்றதை நிறுத்தி மட்டும் வச்சிருக்கலாம், அப்பவும் கிட்டப்பக்கம் குறையும். திரும்பிப் போனா எட்டப்பக்கம் கூடணும். அதனால மொத்த எண்ணிக்கையும் வேணும்.

அப்புறம், பழைய மூணு தடவைப் படங்களைத் தூக்கிப் போடாதீங்க. ஸ்லிட் மீடியத்துல வந்த வட்டம் கன்ட்ரோல் வட்டத்தை விடச் சின்னதா இருக்கான்னு அளந்து பாருங்க. அளவு கம்மியா இருந்தாலும் கொஞ்சம் ஸ்லிட் மீடியத்துல இருந்திருக்கும்ல? வட்டம் சுருங்கியிருந்தா அதுவே ஒரு விடை. திசையே இல்லாத சோதனையில நிறுத்தறது மட்டும்தான் தெரியும், தள்றது தெரியாது. மீட்டிங்குக்கு அது போதும்.

மல்லிப்பூ | அடுத்த வியாழன், இரவு 10:17
உருண்டையை 300 மைக்ரான்ல வச்சேன். ஸ்லிட் உருண்டை இருக்கற கிட்டப்பக்கம் செல் ரொம்பக் குறைவு. சும்மா ஹெக் உருண்டைக்கு வட்டமாவே வந்துச்சு. எட்டப்பக்கம் இன்னும் எண்ணலை. எல்லாருக்கும் நன்றி.

ஓலைச்சுவடி | வெள்ளி, காலை 6:03
ரொம்ப சந்தோஷம்மா. பழைய வட்டங்களை அளந்தீங்களா?